பன்னிரண்டு வீடுகளும் ஒரு கையெழுத்தும்

ஹாலோவே
மார்ச் 12, வியாழக்கிழமை

அன்பு மகள் மேரெனுக்கு,

நீயும் ட்ரூடியும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை; முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. அங்கே பீனிக்ஸில் இந்நேரம் ஏசி போட ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே பனி இன்னும் விடவில்லை. ட்ரூடிக்குப் பல் விழுந்த படம் வந்தது. அந்தப் பொக்கை வாயை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது, அதில் உன் கையெழுத்து வேண்டும். அது ஒரு காரணம். போனில் கேட்டால் நீ உடனே "சரிப்பா" என்றுவிடுவாய். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதுதான் பெரிய காரணம்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ரொட்டிக் கடை இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. வேலைக்கு ஆள் வருகிறார்கள், தங்க இடம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். ஏரிக்கரை வீடுகளையெல்லாம் கோடைக்கு வருகிற பணக்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மர உத்திரம் செய்கிற கம்பெனி ஒன்று இங்கே வரத் தயாராக இருக்கிறது, நாற்பது பேருக்கு வேலை. "எங்க ஆளுங்க எங்கே தூங்குவாங்கன்னு முதல்ல காட்டுங்க" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே? இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

அதற்காகத்தான் கவுண்டி நிர்வாகத்தின் பழைய ஜல்லிக் கிடங்கு நிலத்தில் பன்னிரண்டு வீடு கட்ட ஏற்பாடு செய்தோம். நான் முப்பத்தொரு வருடம் பனி தள்ளும் வண்டியை நிறுத்திய அதே இடம். நிலம் கவுண்டி கொடுக்கும், தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கவுண்டி போடும். இந்தக் கவுண்டியில் வேலை பார்ப்பவர்களுக்கும் இங்கே வேலைக்கு வருபவர்களுக்கும் மட்டும் குறைந்த வாடகைக்கு, குலுக்கல் போட்டுக் கொடுப்போம். கவுண்டியை நடத்த ஊர் தேர்ந்தெடுத்த குழுவில் நாங்கள் மூன்றே பேர். ராய்ஸ் வேண்டும் என்கிறான், டார்லீன் வேண்டாம் என்கிறாள், மூன்றாவது ஓட்டு என்னுடையது. இது நடக்காவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். கோடைக்காரர்களின் படகுகளை நிறுத்தக் கொட்டகை போட ஒருவன் காத்திருக்கிறான். படகுக்குக் கூரை உண்டு, மனிதனுக்குக் கிடையாது. எப்படி இருக்கிறது ஊர்!

யார் யாருக்கு வீடு வேண்டும் என்று கேட்டு ஒரு படிவம் விட்டிருந்தோம். இருபத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் குமாஸ்தா லோர்னா அந்தப் படிவக் கட்டை என் மேசையில் வைத்தாள். பதினாலாவது உன்னுடையது.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ! எனக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்திருப்பாய், தெரியும். ஏன் இங்கே குடிவர விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் மற்றவர்கள் வேலை, பள்ளிக்கூடம், வாடகை என்று எழுதியிருந்தார்கள். நீ "அப்பா அங்கே தனியாக இருக்கிறார்" என்று எழுதியிருந்தாய்.

உனக்கு யார் சொன்னது? நான் ஒரு நாளாவது சொன்னேனா? ஒவ்வொரு ஞாயிறும் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதானே சொல்லி வந்தேன்? அப்படியும் கண்டுபிடித்துவிட்டாய். உன் அம்மா புத்தி உனக்கு. சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. தனியாகத்தான் இருக்கிறேன், கண்ணு. தபால் ஒரு வேளைதான் வரும் என்று தெரிந்தும் தபாலாபீசுக்கு இரண்டு தரம் போகிறேன். அங்கே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள், பனியைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம். நாள் முழுக்க நான் வாய் திறப்பது சில சமயம் அவ்வளவுதான்.

லோர்னா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கதவைச் சாத்திவிட்டு, "ஆரின், பேரு கஸ்டெல்லோன்னுதான் இருக்கு. அது உங்க மகளோட பழைய புருஷன் பேருன்னு இங்க எவனுக்குத் தெரியும்? நான் பாக்கல, நீங்களும் பாக்கல" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே ஜல்லிக் கிடங்குக்குப் போனேன். பள்ளிக்கூடத்தைப் பார்த்த மாதிரி வருகிற மூன்றாவது மனையில் நின்று, உன் அடுப்படி எந்தப் பக்கம் வரும் என்று காலால் அளந்தேன். ட்ரூடி பள்ளிவிட்டு வந்தால் எந்த ஜன்னலிலிருந்து தெரியும் என்றுகூடப் பார்த்துவைத்தேன். எழுபத்துநாலு வயதுக் கிழவன் முழங்கால் பனியில் நின்று செய்கிற வேலையா அது? நாலு நாள் அந்த வீட்டில்தான் நான் குடியிருந்தேன், மேரென். அவ்வளவு ஆசையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பொதுக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் உட்கார வேண்டும். மருத்துவமனையில் இவெட் என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், போன நவம்பரிலிருந்து காரில் தூங்குகிறாள். "குழாய் உறைஞ்சு போச்சுன்னு நீங்கல்லாம் வேலைக்கு லேட்டா வருவீங்க. எனக்குக் கார் கதவே உறைஞ்சு போயிடுது, உள்ளேயிருந்து உதைச்சுத் திறந்துட்டு வர்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மணி அடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து டார்லீன் என் பக்கம் திரும்பினாள். "வீடு கட்டுறேன், வீடு கட்டுறேன்னு குதிக்கிறியே ஆரின், கடைசில யார் வீட்டுப் பிள்ளைங்க வந்து உக்காரப் போகுதுங்களோ!" என்று ஒரு குத்து குத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, அந்தப் பட்டியலில் பதினாலாவது பெயர் என் மகள் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் ஊர் முன்னால் வாயைத் திறந்தது என் தப்பு. அதற்கு மன்னித்துவிடு.

கவுண்டி வக்கீல் சட்டத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார். சொந்த மகள் வரிசையில் நிற்கும்போது நான் ஓட்டுப் போடக் கூடாது, வெளியே போய்விட வேண்டும். நான் போனால் ஒன்றுக்கு ஒன்று, தீர்மானம் தோற்கும். பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். என் இடத்துக்கு ஆள் போட இரண்டு மாதமாகும், அதற்குள் கம்பெனி போய்விடும் என்றார். மிச்சம் ஒரே வழி. நான் பதவியில் இருக்கும் வரையிலும், அதன்பின் ஒரு வருடமும் நீ அந்த வீடுகளைக் கேட்க மாட்டாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டினால் கிட்டத்தட்ட நாலு வருடம். ஓட்டை 24ஆம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது டார்லீன் படிக்கட்டில் நின்றிருந்தாள். "அடப்பாவி மனுஷா, வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே. தெரிஞ்சிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். அம்மா போனபோது ஒரு வாரம் சூப் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

என்னோடு வந்து இரு என்று சொல்லலாமென்றால், நான் இருப்பது முதியோர் குடியிருப்பு. ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பதினாலு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அம்மா போன பிறகு அந்தப் பெரிய வீட்டை அவசரப்பட்டு விற்றேன் பார், அந்தப் புத்தியை எதால் அடிப்பது? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரும்தான். எத்தனை மைல் தள்ளி வளரும் என்று சொன்னவர்கள் சொல்லவில்லை.

மேரென், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பும்மா. நோட்டரி முன்னால் போட வேண்டுமாம், உன் வங்கியிலேயே இருப்பார்கள். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டி உறை வைத்திருக்கிறேன். போட முடியாது என்று நீ சொன்னாலும் எனக்குக் கோபம் வராது, 24ஆம் தேதி பேசாமல் எழுந்து வெளியே போய் நிற்பேன். ஆனால் போடு. அந்த நர்ஸும் யாரோ ஒருவர் பெற்ற பெண்தான்.

ட்ரூடியிடம் இதெல்லாம் சொல்லாதே. தாத்தா பனி கரையட்டும் என்று பார்க்கிறார் என்று சொல்லிவை.

வராதே என்று உன்னைக் கேட்கிறேன். வா என்று கேட்க எனக்கு உன்னைவிட்டால் வேறு யாரும் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதும்படி ஆயிற்று.

நீ எங்கே இருந்தாலும், வேலை முடிந்து வரும்போது உள்ளே விளக்கைப் போட்டு வைத்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க உனக்கு ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
ஆரின்