பிளாட்டினம் கம்பி

செவ்வாய், ஆவணி. பலாங்கொடை அறை.

இத்தனை மாதம் தண்ணீரிலிருந்து பிரித்து நான் கொண்டாடிய ஐதரசன் வாயு என் கலவையால் வந்ததல்ல.

நிக்கலும் இரும்பும் கலந்த துகளைக் காரநீர் அரிக்காமலிருக்க, ரப்பர் கொட்டை ஓட்டுக் கரியைப் பூசியிருந்தேன். மின்சாரம் கொடுத்தால் குமிழ்கள் பொங்கின. நாளாக நாளாகக் கூடின. அதை என் கெட்டித்தனம் என்று நினைத்தேன், முட்டாள். எதிர்முனையிலிருந்த பிளாட்டினம் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து என் கரிமேல் படிந்திருக்கிறது. வேலை பார்த்தது அதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கச் சுரங்கத்தில் வெட்டுகிற காரீயத்தில், பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கரியிலேயே, அந்த முனையை வைத்திருக்கலாம். பிளாட்டினம்தான் மதிப்பு என்று நானே கேட்டு வாங்கினேன். இன்று என் ஆய்வை மேற்பார்க்கும் சேர் காரீயக் கோலை மாட்டி, புதுப் பூச்சில் ஓட்டச் சொன்னார். குமிழ்கள் ஒன்றிரண்டாய் எழுந்தன. அவர் கோபப்படவில்லை. மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையை நானே திரும்பப் பெற வேண்டும் என்று மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை.

பொழுதுசாய ருவான்வெல்லையிலிருந்து அப்பா பேசினார். விடியலிலிருந்து ரப்பர் பால்வெட்டிக் களைத்த குரல்.

"பாப்பா, இன்னொரு மூட்டை ஓடு சேந்துருச்சு. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்பளைங்கதான் மழையில பொறுக்குனாங்க. அட்டைக்கடி தாங்கல. நம்ம புள்ள தண்ணியில கேஸ் எடுக்குதுன்னு எல்லாருக்கும் பெருமை. காலையில பஸ்ஸுல போட்டுடவா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போட்டுடுங்கப்பா" என்றேன்.