சும்மா படித்துக்கொண்டிருந்தவள்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ஆபீஸுக்கு லேட். நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை, ஆளுக்கொரு போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொலைதூரக் கல்வித் தளம் மறுபடியும் ஆட்களை வெளியே தள்ளுகிறது. பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதுவரை எழுதிய பகுதி அம்போ. காரணம் எனக்கும் தெரியும், பக்கத்து மேஜை ‘அவசர’த்துக்கும் தெரியும். (கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டு எழுந்து ஓடுவான், அதனால் அந்தப் பெயர்.) கூட்டம் அதிகமானபோது ஒரு சர்வரை இரண்டாக்கினோம். யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்ற நினைவு மட்டும் பழையபடி அந்தந்த சர்வரின் ஃபைலிலேயே கிடக்கிறது. ஒரு கிளிக் இங்கே போகும், அடுத்த கிளிக் அங்கே. அங்கே இருப்பதற்கு உங்களை யாரென்றே தெரியாது.

அந்த நினைவைப் பொதுவாக டேட்டாபேஸில் வைக்கிற டிரைவர் என்ற புரோகிராமை நானே எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ரெடிமேடாகக் கிடைப்பது எங்கள் அரதப் பழசு வெர்ஷனில் ஓடாது. “இருபத்திரண்டாம் தேதி ஃபைனல் பரீட்சை, ஞாபகம் இருக்கில்ல?” என்றார்.

இருக்காதா? எழுதப் போகிறவர்களில் ஒருத்தி என் அக்கா.

ஜூன் 4

சாப்பிடும்போது இவரிடம் டிரைவர் எழுதுகிறேன் என்றேன். “டிரைவரை வேலைக்கு வைப்பாங்க. எழுதுவாங்களா?” என்றார். ஜோக்காம்.

“பெரிய கடையில வாசல்லயே பையை வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுப்பாங்கல்ல? பையில இருக்கறதுதான் செஷன். அதைப் பத்திரமா வச்சு, டோக்கனைக் காட்டினா எடுத்துக் குடுக்கற ஆள்தான் டிரைவர்.”

“அப்ப நீ பை வாங்கி வைக்கற ஆளு.”

“ஆமா.”

“இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?”

குழம்பை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஜூன் 7, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளாகச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. மூக்கைத் துடைப்பது, தூங்க வைப்பது, எதையாவது சிந்தினால் துடைப்பது எல்லாம் இவள். கதை சொல்வதும் பாட்டு சொல்லிக்கொடுப்பதும் மட்டும் டீச்சர், ஏனென்றால் டீச்சரிடம் சான்றிதழ் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்குத்தான் அக்கா இந்தப் பரீட்சை எழுதுகிறாள். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பாதியில் வெளியே தள்ளப்பட்டு, ஃபெயில்.

“அது எங்க சைட்டோட கோளாறுக்கா” என்று எத்தனையாவது தடவையோ சொன்னேன்.

“நீ என்னைத் தேத்தறதுக்காகச் சொல்ற. எனக்கெங்கடி கம்ப்யூட்டர் வரும்? எதையோ அமுக்கித் தொலைச்சிருப்பேன்.”

பிறகு துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடறேன்டி. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள்.

எனக்கு வந்த கோபம்! யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மற்றவர்கள் எழுதியதெல்லாம் காணாமல் போனால் போனைப் போட்டுக் கத்துகிறார்கள். இவள் மட்டும் ஏன் இப்படி? பால் பொங்கினாலும் என் தப்பு, பஸ் போய்விட்டாலும் என் தப்பு என்பாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

ஜூன் 10

டிரைவர் முடிந்தது!

மொத்தம் ஆறு வேலைதான். திற, மூடு, படி, எழுது, அழி, பெருக்கு. கடைசியில் வருகிற ‘பெருக்கு’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இருபது நிமிடமாக அசைவில்லாதவர்களின் பையைக் கூட்டித் தள்ளிவிட்டு இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கும் ஒன்று எழுதினால் தேவலை.

சும்மா சொல்லக்கூடாது, அழகாக வந்திருக்கிறது. அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தேன். பையில் எதுவும் மாறவில்லை என்றால் திரும்ப எழுதுவதே இல்லை. மாறாததை எழுதுவானேன்? டேட்டாபேஸின் சுமை பாதியாகிவிட்டது. மேனேஜர் கிராஃபைப் பார்த்துவிட்டு “அட!” என்றார். அவரிடமிருந்து ஒரு “அட” வாங்குவது லேசுப்பட்ட காரியமா? எனக்கு நானே ஒரு ஷொட்டு.

ஜூன் 12

அவசரம் டெஸ்ட் செய்தான். டக் டக் டக்கென்று எல்லாக் கேள்விக்கும் முதல் விடையையே தட்டி, டீ ஆறுவதற்குள் முழுப் பரீட்சையும் எழுதி முடித்தான். இரண்டு சர்வருக்கும் மாறி மாறிப் போய் வந்தது, ஒரு பிசகும் இல்லை. “பக்காங்க, சைட்ல போட்டுரலாம்.” போட்டோம்.

இன்றைக்கு நல்ல நாள். வழியில் ஒரு கிலோ மாம்பழம் வாங்கினேன்.

ஜூன் 14, சனி

மாதிரித் தேர்வு. மதியம் வரை புகாரே இல்லை. பிறகு நாலைந்து வந்தன. “அவங்க வீட்டு இன்டர்நெட்டா இருக்கும்” என்றான் அவசரம். நானும் சரி என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் அக்கா போன். “மறுபடியும் தள்ளிடுச்சுடி.”

எப்படி? எப்படித் தள்ளும்? ரெண்டு சர்வரும் ஒரே இடத்துலதானே பாக்குது! நானே எழுதினது, நானே பாத்தது!

“நீ கஷ்டப்பட்டு எழுதினதையும் நான் கெடுத்துட்டேன் பாரு” என்கிறாள். இவளை என்ன செய்ய? போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். இவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “பைக்காரி, நாளைக்கு அவங்க வீட்டுக்கே போய்ப் பக்கத்துல உக்காந்து பாரேன்” என்றார். சில நேரம் இவருக்கும் மூளை வேலை செய்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

மாதிரித் தேர்வு இன்னும் திறந்துதான் இருந்தது. அக்காவை உட்கார வைத்து, “நீ எப்பவும் பண்ற மாதிரி பண்ணு. நான் வாயே திறக்க மாட்டேன்” என்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் சிரித்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் கேள்வியைப் படித்தாள். பதில் சொல்லவில்லை, அடுத்த பக்கம். அதையும் படித்தாள். அடுத்தது. விரலைத் திரையில் வைத்து, உதடு மெல்ல அசைய, ஒவ்வொரு வரியாக. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். வினாத்தாள் முழுவதையும் இரண்டு தடவை படித்த பிறகுதான் பேனா மூடியையே திறப்பாள். எனக்குக் கை துறுதுறுவென்றது. தொடையில் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சுற்றில், குழந்தைகளின் தூக்கம் பற்றிய கேள்விக்கு வந்தபோது, தள்ளிவிட்டது. முதல் பக்கம்.

அக்கா கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள். “பாத்தியா? நான் எதுவுமே பண்ணலடி.”

எதுவுமே பண்ணல.

ஐயோ!

அதுதான். அவள் எதுவுமே செய்யவில்லை. பக்கம் பக்கமாகப் போகிறாள், பையில் எதுவும் மாறவில்லை. மாறாததை நான் எழுதுவதில்லை. கடைசியாக ஆள் நடமாடிய நேரத்தையும் அதே எழுத்தில்தானே சேர்த்து வைத்திருந்தேன்? நேரம் பழசாகவே நின்றது. இருபது நிமிடம் ஆனதும் பெருக்குமாறு வந்து, ஆள் போய்விட்டாள் என்று கூட்டித் தள்ளிவிட்டது. அவசரம் மாதிரி தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நிதானமாகப் படிப்பவர்களுக்குத்தான் வேட்டு. போன இரண்டு தடவையும் கம்பெனியின் தப்பு. இந்தத் தடவை அப்பட்டமாக என் தப்பு, நான் ஷொட்டு கொடுத்துக்கொண்ட அதே சாமர்த்தியம்.

லேப்டாப்பைத் திறந்து அந்த வரியையே காட்டிச் சொன்னேன். அக்கா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

“அப்ப ஒருத்தி சும்மா படிச்சிட்டிருந்தா, ஆளே இல்லைன்னு நினைச்சுக்குமா?”

“ஆமாக்கா.”

“படிக்காம எப்படிடி பதில் சொல்றது?”

நான் லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

“அடிப்பாவி! நேத்து ராத்திரி நான் சாப்பிடக்கூட இல்ல!” என்று முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல அடி. அவள் யார் மேலாவது கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வலித்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து நிறையச் சாப்பிட்டோம்.

ஜூன் 16

சரி செய்தாயிற்று. எதுவும் மாறாவிட்டாலும் நேரத்தை மட்டும் புதுசாக்கிவிடும். “இவ்வளவுதானா?” என்றார் மேனேஜர். “இவ்வளவுதான் சார்.” காது சூடாகிவிட்டது.

அவசரத்துக்கு ஒரு தண்டனை கொடுத்தேன். பரீட்சையைத் திறந்து, ஒரு விடையைக்கூடத் தொடாமல், எல்லாக் கேள்வியையும் நிதானமாக இரண்டு தடவை படிக்க வேண்டும். நெளிந்தான், காலை ஆட்டினான், நகத்தைக் கடித்தான். “ஏங்க, இது கொடுமைங்க” என்றான். கடைசி வரை தள்ளவில்லை. முடித்துவிட்டு, “கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நான் படிச்சதே இல்ல” என்றான்.

ஜூன் 20

நாளை மறுநாள் பரீட்சை. அக்கா போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆபீஸில் நானும் ஒரு ஃபேனும்தான். டேட்டாபேஸைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்த வரி என்று தெரியாது, வெறும் கலைந்த எழுத்துகள். ஆனால் எந்தப் பை மாறுகிறது, எதற்கு நேரம் மட்டும் மாறுகிறது என்று தெரியும். நேரம் மட்டும் மாறுகிற வரியைத் தேடினேன், அதுதான் அக்கா என்று.

ஒன்றல்ல. திரை முழுக்க இருந்தன. இத்தனை பேரா? இத்தனை பேர் எங்கெங்கோ உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல், முதலில் முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ஆத்திரக்காரர்களின் போன்களைத்தான் நாங்கள் எண்ணினோம். போனே செய்யாமல் தன்னையே நொந்துகொண்டு போனவர்கள் எத்தனை பேரோ. மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மத்தியானம் வரிகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. முடித்துவிட்டுப் போகிறார்களா, தள்ளப்படுகிறார்களா? அப்போது போன்.

“முடிச்சுட்டேன்டி. அது தள்ளல. நானாத்தான் வெளிய வந்தேன்.”

ஜூலை 11

அக்கா பாஸ். போனில் எங்கள் இருவருக்கும் சேர்த்து அத்தான்தான் பேசினார்.

ஜூலை 20, ஞாயிறு

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாக அக்கா போன்.

“நாளைக்கு டீச்சரா சேரணும். சான்றிதழைப் பிரின்ட் எடுக்கணும். பட்டனை அமுக்கினா ஒண்ணும் வரல.”

“சரியா அமுக்கினியாக்கா?” என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“நான் சரியாத்தான் அமுக்கறேன். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். இது உங்க தப்பு. எந்திரிச்சு என்னன்னு பாரு.”

பல்கூடத் தேய்க்காமல் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். எங்கள் தப்புதான்.