அத்தாயியின் கடைவாய்ப் பல்

தாது வருஷம், ஆவணி 3

என் பேர் மாதன். இதை நானே எழுதினேன். மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டில் தலை நரைத்தபின் எழுதப் படித்தவன் வேறு யார் இருக்கிறார்கள்? கீழிருந்து வந்த வாத்தியார் மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் தங்கினார். சோற்றுக்குப் பதிலாக எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனமில்லை. என் வீட்டுக்காரி அத்தாயி சிரிக்கிறாள்.

"ஏனுங்க, நான் உங்க எதுக்காலயே குந்தியிருக்கறேன். எங்கிட்டச் சொல்ல வேண்டியதப் போயித் தாளுகிட்டச் சொல்றீங்களே?"

சிரித்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பல்லாம்.

ஆவணி 6

களியைக்கூட இடப்பக்கம் ஒதுக்கித்தான் விழுங்குகிறாள். வலது கடைவாயில் ஒரு பல் பொந்து விழுந்து கறுத்திருக்கிறது. புகையிலையை அதில் அடக்கிக்கொண்டே சாமைக்காட்டில் களை எடுத்தாள். அவள் தம்பி குப்புசாமி வந்தான். மிளகு விற்க அடிக்கடி மலை இறங்குகிறவன்.

"மாமா, கீழ ஆசுபத்திரியில புடுங்கி உட்ருவாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போலாமுங்க."

"புடுங்கறதுக்கு அதென்ன கெழங்காடா?" என்றாள் அத்தாயி.

எனக்கும் அதே எண்ணம்தான். பல்லைக் குடைகிற புழுவை எடுத்தால் போதாதா? பல் எதற்குப் போக வேண்டும்?

ஆவணி 8

இன்று ஒரு அதிசயம்! பல்லுக்குப் புகை போடும் பெருமாயி வந்தாள். வட்டிலில் தண்ணீர் ஊற்றி, நடுவே கல்லை வைத்து, அதன்மேல் காய்ச்சிய இரும்பை வைத்தாள். இரும்பில் எண்ணெய் விட்டுக் கண்டங்கத்திரி விதையைப் போட்டு, ஓட்டைச் சிரட்டையால் மூடினாள். ஓட்டையில் மூங்கில் குழலைச் செருகினாள். குழல் வழியாகப் புகையை அத்தாயியின் பல்லில் பிடித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. சிரட்டையை எடுத்தால், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு!

"மாதண்ணா, நல்லாப் பாத்துக்கங்க. இத்தனையும் பல்லுக்குள்ள குடியிருந்ததுங்க."

"குடியிருந்ததுக எனக்குக் கொஞ்சம் வேலவெட்டி செஞ்சு குடுத்திருக்கலாம்" என்றாள் அத்தாயி. எல்லோரும் சிரித்தோம்.

ஆவணி 9

நோவு இல்லை. ஒரு துளிகூட இல்லை! தினை மாவும் தேனும் தின்றாள். குப்புசாமியைப் பார்த்து, "உன்ற ஆசுபத்திரிய நீயே வெச்சுக்கடா" என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆவணி 15

தாடைக்கு அடியில் வீங்கியிருக்கிறது. காய்ச்சல். பெருமாயியை மறுபடி அழைத்தேன். மறுபடியும் புழு விழுந்தது. மிச்சம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு வடிந்துவிடும்.

ஆவணி 17

வடியவில்லை. கழுத்து வரை இறங்கிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிகிறது. குப்புசாமி கத்தினான்: "இன்னும் என்னத்தப் பாத்துட்டு இருக்கறீங்க? தூளி கட்டித் தூக்குங்க!"

எங்கள் நாட்டில் படுக்கவைத்து எல்லை தாண்டித் தூக்கிப் போவது பிணத்தைத்தான். அத்தாயி தலையை ஆட்டி மறுத்தாள். நடந்தே வருகிறேன் என்று விரலால் காட்டினாள். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஆவணி 18

எழுந்து நடந்தாள். சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அப்புறம் எழவில்லை. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கினோம். அப்போது மறுப்பதற்கும் அவளிடம் தெம்பு இல்லை.

கீழே ஆசுபத்திரியில் டாக்டர் கழுத்தில் கீறிச் சீழ் எடுத்தார். "பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு எறங்கிருச்சு பெரியவரே. மொதல்லயே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும்."

புழு விழுந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது புழு இல்லீங்க. வெதைக்குள்ள இருக்கற மொள. சூட்டுல வெடிச்சுத் தண்ணியில விழுது."

"அப்ப நோவு நின்னுச்சேங்க?"

"பல்லுக்குள்ள நரம்பு செத்துப்போச்சு. அதான் நின்னுது."

நான் நம்பவில்லை. என் கண்ணால் பார்த்தேனே.

ஆவணி 20

அத்தாயி போய்விட்டாள்.

ஆவணி 21

அதே கம்பளியில் மேலே கொண்டு வந்தோம். காட்டோரம் அடக்கம் செய்தோம். குப்புசாமி என்னோடு பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

புரட்டாசி 5

இன்று நானே செய்தேன். வட்டில், தண்ணீர், காய்ச்சிய இரும்பு, விதை, சிரட்டை. குழல் வைக்கவில்லை. பக்கத்தில் யார் வாயும் இல்லை. என் வாயைக்கூடத் துணியால் கட்டிக்கொண்டேன். புகை அடங்கியதும் சிரட்டையை எடுத்தேன்.

விழுந்து கிடந்தன. வெள்ளை வெள்ளையாக.

பெருமாயியைக் கூட்டி வந்து, யார் வாயிலும் பிடிக்காமலே விழுந்ததைக் காட்டினேன். தண்ணீரில் விரல் விட்டு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "எங்கம்மா செஞ்சதுங்க மாதண்ணா. நானும் நெசமுன்னுதான்..." என்றாள். பிறகு, "எத்தன பேரு வாயில புடிச்சிருப்பேன் சாமி!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டத்தான் அழைத்தேன். ஆனால் அவளை நம்பி நாள் கடத்தியவன் நான்தானே?

புரட்டாசி 6

எழுதப் பிடிக்கவில்லை.

ஐப்பசி 11

காலையில் பச்சைத் தண்ணீர் குடித்தபோது கீழ்வரிசைப் பல் ஒன்று சுருக்கென்றது. கம்பை எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிட்டேன். அதே டாக்டர்தான். என்னை அவருக்கு நினைவில்லை. பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தச் சின்ன நோவுக்கா இத்தன தூரம் எறங்கி வந்தீங்க? பல்லு இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்குமுங்க."

"புடுங்கிருங்க சாமி."

ஈறில் ஊசி போட்டார். குறட்டால் பிடித்து அசைத்தார். தட்டில் டக்கென்று சத்தம்.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் பெரியவரே."

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அங்கே காத்திருந்த ஒரு அம்மா, பல் நோவு என்று நினைத்துக்கொண்டு, "செத்த நேரத்துல போயிருமுங்க" என்று சொல்லி, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.