திறபடாத முன்கதவும் புது மாபிளும்

இஞ்சாருங்கோ,

முன்கதவு திறபடுதில்லை. பழைய சீமெந்து நிலத்தைக் கொத்தாமல் அதுக்கு மேலயே மாபிள் பதிக்கச் சொன்னது நீங்கள். நிலம் உயர்ந்தால் கதவு இடிக்கும் எண்டு நான் சொல்ல, "குசினிக் கதையைக் குசினியில வை" எண்டு சொன்னனீங்கள். இப்ப ஆர் வந்தாலும் குசினிக்குள்ளால, அடுப்பைத் தாண்டித்தான் வரவேணும்.

கதவடியைச் சீவ அக்கராயனில இருந்து தச்சனைக் கூட்டிவரப் போறன். வயல் சேத்துக்காலோட மாபிளில ஏறினால் உங்களுக்கு இண்டைக்கு வெளி முத்தத்திலதான் படுக்கை. சோறும் குழம்பும் மூடி வைச்சிருக்கு. கோவத்திலயும் மீன் பொரிச்சனான்.

விமலேஸ்

இன்னொண்டு: மாபிள் பாக்க உங்கட அக்கா மல்லாவியில இருந்து வாறாவாம். கதவுக்கு என்ன எண்டு கேட்டால், மழைக்கு ஊதிப்போச்சு எண்டு சொல்லுங்கோ. இந்த வெயிலுக்குள்ள அவா நம்பமாட்டா. எண்டாலும் நானும் அதையே சொல்லுவன்.