சக்குக்குப் போட்ட கிரீஸ்

12.8.2024, திங்கள்

இன்றும் ஸ்டோரில் சக் கிரீஸ் இல்லை. "அடுத்த வாரம் வந்துடும் செவ்வந்தி" என்று சூப்பர்வைசர் சிவகுமார் சார் மூன்றாவது வாரமாகச் சொல்கிறார். அவர் வீட்டில் எண்ணெய் இல்லாமல் மூன்று வாரம் தோசை சுடுவார்களா? திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற லேத்தின் சக்குக்குக் கிரீஸ் அடிப்பது என் பொறுப்பு. சக்கில் தாடை மாதிரி மூன்று ஜா இருக்கிறது. அவை வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தால்தானே இரும்பை இறுக்கிப் பிடிக்கும்.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து வீட்டிலிருந்தே ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். என் வீட்டுக்காரர் முத்துராஜ் படகு இன்ஜினின் தண்டுக்குப் போடுகிற நீல கிரீஸ். "கடல் தண்ணிக்கே அசையாது, உன் மெஷின் தண்ணிக்கா போவும்?" என்றார். நியாயம்தானே. கிரீஸ் கன்னில் அடைத்து அடித்தேன். சக்கை இறுக்கிப் பார்த்தேன், மெஷினின் பிரஷர் கேஜில் வழக்கம்போல பதினெட்டு. குப்பத்துக்காரியின் மூளையைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருப்பாலைவனத்தில் கம்பெனி வேனை விட்டு இறங்கும்வரை ஒரே சந்தோஷம்.

19.8.2024, திங்கள்

மறுபடி அதே கிரீஸ். ஸ்டோரில் கேட்பதையே விட்டுவிட்டேன்.

29.8.2024, வியாழன்

பூபதி.

எழுத வரவில்லை. எதிர்வீட்டுக் காந்தாவின் புருஷன். நானும் அவனும் ஒரே லேத், ஷிப்ட்தான் வேறு. இரண்டு மணிக்கு அவன் கையில் கொடுத்துவிட்டு நான் கேண்டீனுக்குப் போய்விட்டேன். டீ பாதி குடித்திருப்பேன், அந்தச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மெஷின் கதவில் கண்ணாடி இல்லை. ஆறு கிலோ ஃபிளாஞ்ச், தட்டு மாதிரி இரும்பு, சுற்றிக்கொண்டிருந்தது சக்கிலிருந்து கழன்று நேராக அவன் முகத்துக்கு வந்திருக்கிறது. "அக்கா, அக்கா" என்கிறான். ஐயோ, நான் இன்னா பண்ணுவேன். என் துப்பட்டாவைத்தான் வைத்து அமுக்கினேன்.

30.8.2024, வெள்ளி

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

2.9.2024, திங்கள்

விசாரணை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புரோகிராமில் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. பூபதி 1800 வைத்திருந்தான். ஆபரேட்டர் தானாக வேகத்தைக் கூட்டியதே காரணம் என்று எழுதிவிட்டார்கள்.

எல்லோரும்தான் கூட்டுகிறோம். இல்லாவிட்டால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை எப்படி வரும்? நானே எத்தனை முறை 1800இல் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் கழன்றதில்லை. அப்படியானால் அன்றைக்கு மட்டும் ஏன்? இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5.9.2024, வியாழன்

சக்கைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஜாக்களுக்கு நடுவில், பிடியை அளக்கிற ஒரு மீட்டரை வைத்து இறுக்கினார். கேஜ் பதினெட்டுக் காட்டியது. மீட்டரில் முப்பத்தாறு வரவேண்டிய இடத்தில் பதினேழு. பாதிகூட இல்லை.

"கேஜ் சக்க இறுக்குற எண்ணெயோட பிரஷரத்தான் சொல்லும். ஜா எவ்ளோ புடிக்குதுனு அதுக்குத் தெரியாது. சுத்த ஆரம்பிச்சா ஜா வெளிய இழுக்கும், இந்தப் பிடியும் கொறயும்" என்றார். ஜாவைக் கழற்றினார். உள்ளே இரும்புத் தூளோடு கலந்து சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டிக்கிடந்தது. துடைத்து, தன் பையிலிருந்த கிரீஸைப் போட்டு மறுபடி இறுக்கினார். முப்பத்தைந்து.

"இன்னா கிரீஸ் போட்டீங்க? இவ்ளோ அழுத்தத்துக்கு நிக்கிற கிரீஸ் இல்லியே இது. பிதுங்கி வெளிய வந்துட்ருக்கு."

"ரெகுலர் கிரீஸ்தான் சார்" என்று சிவகுமார் சார் சொன்னார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

தண்ணீருக்குப் போகாது என்றுதான் பார்த்தோம். அழுத்தத்துக்கு நிற்குமா என்று நானும் யோசிக்கவில்லை, முத்துராஜும் யோசிக்கவில்லை. எங்களுக்குத் தண்ணீரை விட்டால் வேறு என்ன தெரியும்.

19.9.2024, வியாழன்

பூபதியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியாதே, எதிர்வீடு. என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ இல்லன்னா அங்கயே போயிருப்பேன்க்கா" என்றான். பிறகு, "எண்ணிக்க ஏத்தணும்னு பேராச. எல்லாம் நான் இழுத்துக்கினதுதான். நீ சொல்லிக்கினே இருப்ப, பார்த்து ஓட்டுடான்னு."

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? ஒருநாளும் சொன்னதில்லை. என்னை நல்லவளாக்க அவனாகவே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறான். காந்தா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். குடிச்சேனே, பாவி.

27.9.2024, வெள்ளி

பூபதி மகள் காவியா தெருவில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. ஒரு பெண் ஏதோ கேட்டிருக்கிறாள் போல. "எங்க நைனா ஸ்பீடா ஓட்டிட்டாரு, அதான். அவர் மேலதான் தப்பு" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். வீட்டில் அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

28.9.2024, சனி

முத்துராஜிடம் சொன்னேன், நாளைக்கு அவர்களிடம் சொல்லப்போகிறேன் என்று. வலையை உதறியபடியே நின்றார்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது? கண்ணு வந்துடுமா?"

"வராது."

"டப்பா என்துதானே. நான்தானே குட்த்தேன்னு சொல்லு."

அடித்தது நான். பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு என்று மூன்று திங்கட்கிழமை அடித்தேன்.

29.9.2024, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முதலிலிருந்து சொன்னேன். ஸ்டோர், நீல டப்பா, மீட்டர், பதினேழு, நான் வாய் திறக்காமல் நின்றது, எல்லாம். பூபதி முகத்தை என் பக்கம் திருப்புவதாக நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாக,

"அப்ப நான் இல்லியா?" என்றான்.

"நீ இல்ல."

"1800 தாங்கியிருக்குமா?"

"சக்கு சரியா புடிச்சிருந்தா தாங்கியிருக்கும்டா."

"காவியாவக் கூப்டு. அவ முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லு."

அந்தக் குழந்தை முன்னால் மறுபடி சொன்னேன். அவளுக்குச் சக்கு தெரியுமா, கிரீஸ் தெரியுமா? "உங்க நைனா மேல தப்பு இல்ல, என் மேலதான்" என்பது மட்டும் புரிந்திருக்கும். என்னை முறைத்துப் பார்த்தாள். பூபதி அழ ஆரம்பித்தான். இருக்கிற ஒரு கண்ணுக்கும் ஆகாது என்று காந்தா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இப்ப போ" என்றாள்.

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

3.10.2024, வியாழன்

கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். சிவகுமார் சார் படித்துவிட்டு, "முடிஞ்சத ஏம்மா கிளர்ற" என்றார். மத்தியானத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டை மாற்றி எழுதுகிறார்களாம். பூபதி பெயரை எடுத்துவிட்டு என் பெயர். போகட்டும், அதற்குத்தானே கொடுத்தேன். ஆனால் ஸ்டோரில் வாரக்கணக்காகக் கிரீஸ் இல்லாதது எந்த வரியிலும் இல்லை. அதையும் எழுதுங்கள் என்று கேட்டேன். கேட்டதோடு சரி.

20.10.2024, ஞாயிறு

மீன் ஏலத் திடலில் இறால் தரம் பிரிக்கப் போகிறேன். காந்தாவும் வருகிறாள். நான் உட்கார்ந்தால் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். மற்றவர்கள் பார்க்காதது போல இருக்கிறார்கள். பூபதி வாசலில் உட்கார்ந்திருக்கிறான். என் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும். முன்பு "யாரு, அக்காவா?" என்பான். இப்போது கேட்பதில்லை.

7.11.2024, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை. பூபதியின் இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறதாம், முத்துராஜ் கேள்விப்பட்டு வந்து சொன்னார். என் கண்ணில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுவேன். இப்படியெல்லாம் எழுதுவதும் ஒரு சொகுசுதான். அவனுக்கு இதனால் என்ன?

18.11.2024, திங்கள்

சாயங்காலம் காந்தா வந்தாள். ஐம்பது நாளுக்குப் பிறகு. வாசற்படிக்கு வெளியே நின்றாள். சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டை, புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் காவியாவின் நோட்டும் பென்சிலும்.

"கம்பெனில வேலக்கி வெச்சிக்கினாங்க. மெஷினுக்குக் கிரீஸ் அடிக்கிறதுக்கு. தெனம் ஒரு வக மெஷின். நாளிக்கி லேத்துங்க" என்றாள். "கன்னுல எத்தினி அடி அடிக்கணும்?"

ஒவ்வொரு ஜாவுக்கும் எத்தனை அடி என்று சொன்னேன். டப்பா மேல் என்ன எழுதியிருக்கும், எந்த நிறம் என்று சொன்னேன். அடித்தபிறகு ஜாவை நாலைந்து முறை திறந்து மூடு, அப்போதுதான் உள்ளே பரவும் என்றேன். கேஜைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்றேன். நின்றுகொண்டே எழுதினாள்.

"ஸ்டோர்ல இல்லன்னா?"

"மெஷின ஓட்ட விடாத காந்தா. கத்து. யார் வந்தாலும் விடாத."

அதையும் எழுதிக்கொண்டாள். எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள். சரி என்றேன். நோட்டை மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.