குரல் ஒன்றுதான்

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியின் சத்தத்தை நிறுத்தி, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பால் காய்ச்சியது அதற்குப் பிறகுதான்.

குட்டி அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் கடைசிச் சுற்றுக்கு வந்தது உனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், தொலைபேசியில் கேள்வி கேட்டு நாற்பது பேரை எடுப்பார்கள். பரீட்சை என்று அவள் போனை நான் பிடுங்கி வைத்திருந்ததால், விண்ணப்பத்தில் என் எண்.

நேற்று மருத்துவமனையில் என் மேசையில் இருந்தபோது அழைப்பு வந்தது. ஒரு அம்மாள் குட்டியின் பெயரைச் சொல்லி, பேசலாமா என்றார். நாள் முழுக்க நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வாய். "ஆமாம், சொல்லுங்க" என்று வந்துவிட்டது. நான் அவளுடைய அம்மா என்பதற்குள் முதல் கேள்வி. இரண்டாவது கேள்விக்காவது சொல்லியிருக்கலாம். வைத்துவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடுவார்களோ என்று பயம். எதிலாவது தோற்றிருக்கிறாயா என்று கேட்டார். அவள் வயதில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனதை, ஏதோ போட்டியில் தோற்றதாக மாற்றிச் சொன்னேன்.

குட்டி இன்னும் கண்ணாடி முன் நின்று பதில் சொல்லிப் பழகுகிறாள். நான் வெங்காயம் நறுக்குகிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 17

அடி வாயாடி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். உன் அத்தான் கையில் சிக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

உங்கள் குரல் ஒன்று என்பது எனக்குத் தெரியாதா? போன வருஷம் நீதான் என்று நினைத்து, போனில் உன் மாமியாரைப் பற்றி மனம்விட்டுப் பேசி முடித்தபோது, "பெரியம்மா, அம்மா குளிக்கறாங்க" என்றாளே.

நடந்தது நடந்துவிட்டது. அவளுக்கு மார்க் இருக்கிறது, மூளையும் இருக்கிறது. மற்ற வீடுகளில் ஆள் வைத்தே பதில் எழுதிக் கொடுக்கிறார்கள். இடம் கிடைத்தால் வாயை மூடிக்கொள். கிடைக்காவிட்டாலும் மூடிக்கொள்.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

இடம் கிடைத்துவிட்டது. அவள் அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

குட்டியோடு படித்த மாடிவீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் வந்து கைகொடுத்தாள். உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று குட்டியைக் கேட்டாள். "என்னை ஒண்ணுமே கேக்கலடி. மார்க்கப் பாத்தே எடுத்துட்டாங்க போல." அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்ட வெகுநேரம் ஆயிற்று.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று துணி மடிக்கும்போது குட்டி சொன்னாள்: "ஒரு தடவ கேட்டிருக்கலாம்மா. நான் நல்லாத்தான் சொல்லியிருப்பேன்."

நான் கேட்டேன், எதில் தோற்றாய் என்று. கணக்குப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியதையும், என் முகத்தை நினைத்து ஒரு மாதம் மறைத்ததையும் சொன்னாள். எனக்கே தெரியாத கதை. நான் சொன்ன பதிலைவிட நல்ல பதில், அக்கா.

இப்போது தூங்குகிறாள். அவள் போனை அலமாரியிலிருந்து எடுத்து சார்ஜில் போட்டிருக்கிறேன். எழுந்ததும் நடந்ததைச் சொல்வேன். பல்கலைக்கழக அலுவலகம் திறந்தவுடன் அவர்களுக்கும் சொல்லி, அவளிடமே கேட்கச் சொல்லப் போகிறேன். இடம் போனாலும் போகட்டும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் பேசிய பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். நீ தடுத்தால் உன் பேச்சைக் கேட்டுவிடுவேன்.

தங்கை