ஒரு டம்ளர் நிறைய

திருச்சுழி
6.4.2025

அன்புத் தம்பி இன்பராஜுக்கு,

அக்கா அற்புதமேரி எழுதுவது. நீ கோத்தகிரியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் தாங்காமல் வைத்துவிடுகிறாய், நானும் அழுதுவிடுகிறேன். காகிதம் என்றால் அழுது முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம். அதனால் இனி இப்படியே எழுதிக்கொள்வோம்.

நீ அனுப்பிய கிரீன் டீ வந்தது. உங்கள் பேக்டரிக்காரர்களிடம் சொல்லிவிடாதே, உன் அத்தான் அதைப் பால் டீ மாதிரி கொதிகொதியென்று கொதிக்க விட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. "உந்தம்பி டீ அனுப்பலடி, கசாயம் அனுப்பியிருக்கான்" என்றார். மறுநாள் போர் தண்ணீரில் போட்டோம். இந்த உப்புக்கு அது கறுத்துப்போய் மேலே ஆடை மாதிரி படிந்தது.

எனக்கு நாளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், ரசம் குழம்பு எல்லாம் சேர்த்து. டயாலிசிஸ்கூடப் பழகிவிட்டது, இந்தத் தாகம் பழகவில்லை. டாக்டரிடம் டீயைப் பற்றிக் கேட்டேன். "அளவுக்குள்ள இருந்தாச் சரிம்மா, ஐஸாக்கி வாயில போட்டுக்கிடுங்க" என்றார்.

அவர் இன்னொன்றும் கேட்டார். ஜனவரியில் நீ வார்டில் எல்லார் முன்னாலும், "ஏங்கிட்டதான் ரெண்டு கிட்னி இருக்குல்ல, ஒன்ன அக்காவுக்கு வச்சிருங்க" என்று சொன்னாய் அல்லவா, அந்தத் தம்பி எப்போது டெஸ்ட்டுக்கு வருகிறார் என்று கேட்டார். அத்தானுக்குச் சுகர். கிறிஸ்டோ படிக்கிற பிள்ளை, அவனைக் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். ரத்தம் ஒரே வகைதானா என்றார். கிறிஸ்டோ பிறந்தபோது எனக்கு ஏற்றியதே என் தம்பி ரத்தம்தான் என்றேன். ஊசியைக் கண்டாலே ஓடுகிறவன் நீ. கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தாய், பிள்ளை பெற்றவளை விட்டுவிட்டு எல்லாரும் உன்னைச் சுற்றி நின்றார்கள்.

டீயை எப்படிப் போடுவதென்று எழுது. மற்றதையும் எழுது.

உன் அக்கா,
அற்புதமேரி

கோத்தகிரி
15.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இன்பராஜ். அத்தானை அடுப்புப் பக்கம் விடாதே. இந்த இலைக்குக் கொதி ஆகாது. உனக்கு அடுப்பே வேண்டாம். ஒரு செம்பு நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் இலையைப் போட்டு, மூடி, ராத்திரி பிரிட்ஜில் வைத்துவிடு. காலையில் வடிகட்டினால் இளம் பச்சையாக இருக்கும், கசப்பே இறங்காது. நல்ல தண்ணீருக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே, போர் தண்ணீர் இதைக் கெடுத்துவிடும். வடித்ததை ஐஸ் டிரேயில் ஊற்றி வை. டிரேயும் இதோடு வருகிறது. கடையில் நாலைந்து பார்த்து, கட்டி சின்னதாக விழுகிற மாதிரி எடுத்தேன். ரப்பர் என்பதால் திருகினால் போதும், கத்தியால் நெம்ப வேண்டியதில்லை. கட்டியைக் கடிக்காதே, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள். சீனி வேண்டாம், தாகம் கூடும்.

இங்கே கொழுந்து அதிகம் வருகிற நேரம், லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கொஞ்சம் ஓய்ந்ததும் வருகிறேன்.

பிள்ளைகள் இருவரும் அத்தையைக் கேட்டார்கள்.

தம்பி,
இன்பராஜ்

திருச்சுழி
4.5.2025

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடியே போட்டேன். முதல் கட்டியை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மழை பெய்த மறுநாள் புல்லில் வருமே ஒரு வாசம், அது வாய்க்குள் வந்தது. டயாலிசிஸ் முடிந்து அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பும்போது பிளாஸ்க்கில் இரண்டு கட்டி வைத்திருப்பேன். ஒன்றை ஒதுக்கிக்கொண்டு பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாதி வழிக்குத் தாங்கும். கண்டக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் திறக்கவில்லை என்று திட்டு வாங்கினேன். கரைந்தால் போனதுதானே, எப்படித் திறப்பேன்.

பக்கத்துக் கட்டில் சுகந்தி இந்த வாரம் வரவில்லை. வேறு ஒரு அம்மா படுத்திருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இன்பராஜ், சுற்றி வளைக்க எனக்கு வராது. டீ வருகிறது, டிரே வருகிறது, நீ வரவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது. கிறிஸ்டோ ஒரு வேலையில் உட்காருவதைப் பார்க்க வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டுவிட்டேன். வருவாயா?

உன் அக்கா

கோத்தகிரி
19.5.2025

அக்கா,

உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். ஜெப ஷீலா, "ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிக்கிட்டு, ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பேன்" என்று அழுதாள். அவள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாள் அழுதுவிட்டு அவளே, "போடுறேன், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். போன வாரம் பையோடு கிளம்பி கோயம்புத்தூர் வரை வந்தேன். மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் இறங்கிவிட்டேன். பயந்துவிட்டேன் அக்கா. பஸ் போனபிறகும் அங்கேயே நின்றேன்.

எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடு. பள்ளிக்கூடம் திறக்கட்டும், கண்டிப்பாக வருகிறேன். இரண்டு பாக்கெட் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நல்ல இலை.

இன்பராஜ்

திருச்சுழி
8.6.2025

என் தம்பிக்கு,

இனி நீ எந்தப் பஸ்ஸிலும் ஏறி இறங்க வேண்டாம். டாக்டர் சொல்லிவிட்டார், நம் இருவர் ரத்தமும் சேராதாம். உன்னுடையதை வைத்தாலும் எனக்குள் நிற்காதாம். அதனால் டெஸ்ட்டும் தேவையில்லை. நீ மாட்டேன் என்று சொல்லவில்லை, நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேரவில்லை, அவ்வளவுதான்.

ஜெப ஷீலாவிடம் சொல், நிம்மதியாகத் தூங்கட்டும். அவள் மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. வேறு யாரோ படுத்துக் கிடந்து, அத்தானிடம் இப்படிக் கேட்டிருந்தால் நானும் அழுதுதான் இருப்பேன்.

டீ நன்றாக இருக்கிறது. நீ சாப்பிடு, தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

திருச்சுழி
13.7.2025

அன்புத் தம்பி இன்பராஜுக்கு,

பாக்கெட் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கவரைக் கிழித்துப் பார்த்தேன், இலையைத் தட்டில் கொட்டி விரலால் துழாவியும் பார்த்தேன். அத்தான், "என்னடி, கல்லு பொறுக்கிறியா" என்றார். ஆமாம் என்றேன்.

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ரத்தம் சேராது என்று நான் எழுதியதைப் படித்ததுமே உனக்குத் தெரிந்துபோயிருக்கும். தெரிந்தால் என்ன? மூத்தவள் சொல்கிறேன், அது சேராது. யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல். அத்தானிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்டோ பிறந்தபோது நீ ரத்தம் கொடுத்த கதையை அவர் ஆரம்பித்தார், பேசாமல் இருங்கள் என்றேன்.

காலில் நீர் கோத்திருக்கிறது. அளவை இன்னும் குறைத்துவிட்டார்கள். ஐஸ் கட்டியும் இனி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எழுதும்போது கை கொஞ்சம் இழுக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இனி டீ அனுப்பாதே. வீட்டில் நிறைய இருக்கிறது. நீ வா. டெஸ்ட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கமே உன்னைக் கூட்டிப்போக மாட்டேன். சும்மா வா. முதல் நாளே நல்ல தண்ணீர் வாங்கி இலையை ஊறப்போட்டு வைக்கிறேன். பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டு விளிம்பு வரைக்கும் ஊற்றித் தருகிறேன். இந்த வீட்டில் ஒருவரும் என் கண்முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை தம்பி. அத்தான் கொல்லைக்குப் போய்க் குடிக்கிறார், கிறிஸ்டோ கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறான். ஒரு ஆள் வயிறு நிறையக் குடிப்பதைப் பார்த்து எனக்கு எவ்வளவோ நாளாகிவிட்டது.

நீ என் எதிரில் உட்கார்ந்து குடி. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
அற்புதமேரி